ஆயிரம் லிங்க் வேண்டாம்... நாலு சாட்சி போதும்!

‘பாரம்பர்ய அரிசியும் மரச்செக்கு எண்ணெயும் நேரடியாக விற்க இணையதளம் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. கூகுளில் தேடினால் என் தளம் வருவதே இல்லை. பணம் கட்டினால் ஆயிரம் ‘பேக்லிங்க்’ போட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம் என்று போனில் சொல்கிறார்கள். கட்டலாமா?’

விளைந்ததை இடைத்தரகர் இல்லாமல் விற்க நினைக்கும் விவசாயிகள் இன்று அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வயலில் இறங்காத ஒரு குடும்பத்துக்கும் இதே கேள்வி வந்தது. அந்தக் குடும்பம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்த பதில், நெல் விற்பவருக்கும் மஞ்சள் விற்பவருக்கும் அப்படியே பொருந்தும்.

ஊர் பேரு நம்மளது... சேலை யாரோடதோ!

காஞ்சிபுரத்தின் மேற்கே, திருமேற்றளி கோயிலைச் சுற்றி அமைந்த நெசவாளர் பகுதி பிள்ளையார்பாளையம். அந்த நெசவாளர் பதினான்கு வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். இப்போது வயது ஐம்பத்தெட்டு. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூலி நெசவு. இன்னொன்றில் சொந்தப் பாவு போட்டு, சொந்தமாக விற்பது என்று மூன்று வருடங்களுக்கு முன்பு முடிவெடுத்தார்.

அதற்குக் காரணம் ஒரு கல்யாண வீடு. அவர் கையால் நெய்த சேலையை மணப்பெண் கட்டியிருந்தாள். கடையில் கொடுத்த விலையைப் பெண்ணின் அம்மா பெருமையாகச் சொன்னார். அந்த விலைக்கும் தன் கைக்கு வந்த கூலிக்கும் இருந்த தூரம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டு, ஜரிகை, சாயம், கடை வாடகை என்று எல்லாச் செலவும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும், நெய்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியவே வழியில்லை என்பதுதான் மனதில் நின்றது.

பி.காம். முடித்த மகள் ஓர் இணையதளம் அமைத்தாள். நான்கு மாதத்தில் அதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று தேடினால் பெரிய கடைகள் வந்தன. கூடவே, சில நூறு ரூபாய்க்கு ‘காஞ்சிபுரம் மாடல்’, ‘காஞ்சிபுரம் ஸ்டைல்’ என்று விசைத்தறிச் செயற்கை இழைச் சேலைகளும் வரிசை கட்டின. மகளின் கைபேசியை வாங்கிப் பார்த்த நெசவாளர், “ஊர் பேரு நம்மளது. சேலை யாரோடதோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. அசல் பட்டுக்கு ‘சில்க் மார்க்’ முத்திரையும் உண்டு. பெயரைத் தவறாகப் பயன்படுத்துபவர் மீது வழக்குப் போடச் சட்டம் உதவும். ஆனால், தேடுபொறி சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. அது வேறு விதமாகக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தெரியாததால்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள்.

இன்னும் ஆறு மாதத்தில் நாலைந்து சேலையாவது விற்காவிட்டால் இரண்டாவது தறியைக் கழற்றிவிடுவது, மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போவது என்று வீட்டில் பேச்சாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் போன் வந்தது.

சந்தையில் மாடு வாங்குவது போல...

போனில் பேசியவர் கேட்டது ஆறாயிரம் ரூபாய். ஒரே மாதத்தில் ஆயிரம் தளங்களிலிருந்து லிங்க் கொடுப்பதாகச் சொன்னார். ‘லிங்க் அதிகமானால் கூகுள் மேலே தூக்கும்’ என்பது அவர் சொன்ன விளக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்து.

லிங்க் என்பது ஓர் இணையப் பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழி. 1998-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் தொடங்கிய கூகுள், இந்த லிங்க்குகளைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டது. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டினால் அது முக்கியமானது என்று கல்லூரிகளில் கருதுவார்கள். அதே யோசனைதான் இங்கேயும். ஒரு பக்கத்தை மற்றவர்கள் சுட்டிக்காட்டினால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று பொருள்.

ஆனால், எல்லாப் பரிந்துரைக்கும் ஒரே எடை இல்லை. சந்தையில் ஒரு ஜோடி மாடு வாங்கப் போகிறவர், வழியில் போகும் பத்துப் பேர் ‘நல்ல மாடு’ என்று சொன்னால் நம்பிவிட மாட்டார். பல் பார்த்து, சுழி பார்த்துப் பழகிய ஒரு பெரியவர் தலையாட்டினால் போதும். அந்தப் பெரியவரின் பேச்சுக்கு ஏன் மதிப்பு? அவரை ஊரில் பலர் நம்புகிறார்கள். கூகுளின் கணக்கும் இதுதான். பலர் சுட்டும் பக்கம் ஒன்று உங்களைச் சுட்டினால் எடை அதிகம். யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் சுட்டினால் எடை இல்லை. இன்று பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார், கைபேசியில் பக்கம் சரியாகத் திறக்கிறதா என்று இன்னும் பலவற்றையும் கூகுள் பார்க்கிறது. லிங்க் அவற்றில் ஒன்று.

மகள் உடனே பணம் கட்டவில்லை. “எந்தெந்தத் தளத்தில் போடுவீங்க, இருபது மட்டும் அனுப்புங்க” என்று கேட்டாள். பட்டியல் வந்தது. இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்று வெளிநாட்டுச் சூதாட்டத் தளம். இன்னொன்று உடல் இளைக்க மாத்திரை விற்றது. சில, யாரோ எப்போதோ கைவிட்டுவிட்ட பக்கங்கள். அவற்றில் பல் மருத்துவர், குழாய் பழுது பார்ப்பவர், கடன் கொடுப்பவர் என்று நூற்றுக்கணக்கான லிங்க்குகள் குவிந்து கிடந்தன. சேலை பற்றி, நூல் பற்றி, காஞ்சிபுரம் பற்றி ஒரு வரி இல்லை.

அப்பாவிடம் காட்டினாள். “சீட்டாட்டக்காரன் சொல்லியாம்மா நம்ம சேலைய வாங்கப் போறாங்க? வேணாம் விடு” என்றார் அவர்.

அவருக்கு இணையம் தெரியாது. ஆனால், அவர் சொன்னதைத்தான் கூகுளும் சொல்கிறது.

பெரிய கடையே சறுக்கிய இடம்

அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்று நூற்றாண்டு கடந்த பெரிய கடை நிறுவனம் உண்டு. உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அதன் தளம் மேலே வந்துகொண்டிருந்தது. 2011 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் அதற்கான காரணத்தை வெளியிட்டது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு லிங்க் போடப்பட்டிருந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் சொன்னது. அந்த வேலையைப் பார்த்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், முதலிடத்தில் நின்ற தளம் பல பக்கங்கள் பின்னால் போய்விட்டது.

2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற பெயரில் கூகுள் தன் கணக்கு முறையையே மாற்றியது. விலைக்கு வாங்கிய லிங்க்குகளால் மேலே வந்த தளங்கள் கீழே இறங்கின. இன்றைய நிலை இதுதான்: அப்படிப்பட்ட லிங்க்குகளில் பெரும்பாலானவற்றைக் கூகுள் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. எல்லை மீறினால் தளத்தைப் பின்னுக்குத் தள்ளும். விளம்பரத்துக்காகப் பணம் கொடுத்து லிங்க் போடுவது குற்றமில்லை. ஆனால், அது விளம்பரம் என்று கூகுளுக்குத் தெரியும்படி தளத்தின் உள்குறிப்பில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் தரவரிசைக்கு அது உதவாது.

ஆக, ஆறாயிரம் ரூபாய் கட்டியிருந்தால் நடந்திருக்கக்கூடியது இரண்டில் ஒன்று. பணம் வீணாகியிருக்கும், அல்லது பணத்தோடு தளத்தின் பெயரும் போயிருக்கும். ஜே.சி.பென்னிக்கு வேறு ஆயிரம் வழி உண்டு. ஒற்றைத் தறிக்காரருக்கு அப்படி இல்லை.

கேட்ட கேள்விக்கு எழுதிய பதில்

லிங்க் வாங்குவதில்லை என்று முடிவானதும், மகள் தன் தளத்தையே முதலில் வாசித்துப் பார்த்தாள். ‘தரமான, உயர்ந்த, அசல் காஞ்சிபுரம் பட்டுச் சேலைகள்’ என்று இருந்தது. போலிச் சேலை விற்கும் தளத்திலும் அதே வாக்கியம்தான் இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் கூகுளுக்கு எப்படித் தெரியும்? மனிதருக்கே தெரியாதே.

அதற்குப் பிறகு போனில் யார் என்ன கேட்டாலும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். கோர்வை சேலையா? அசல் பட்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாட்டியின் சேலையில் ஜரிகை கறுத்துப்போயிருக்கிறது, என்ன செய்வது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் என்று முடிவு செய்தாள். பதில் சொன்னது அப்பா. எழுதியது மகள்.

கோர்வை பற்றிய பக்கம் முதலில் வந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், மூன்று நாடா ஓட வேண்டும். கரைக்கான நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். கோர்வை இல்லாமல் ஒரே ஊடை குறுக்கே ஓடினால், உடலின் நிறம் கரையிலும் கலந்து தெரியும். சேலையைத் திருப்பிப் பார்த்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். தறியில் அப்பா கோர்வை போடுவதைப் பக்கத்திலிருந்து எடுத்த நான்கு படங்களையும் சேர்த்தாள்.

அடுத்தது அசல் பட்டு. ஓர் இழையை எரித்தால் முடி கருகும் வாடை வரும். சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகி உருண்டையாகும். ஜரிகை பற்றிய பக்கத்தில், அசல் ஜரிகையில் வெள்ளி இருப்பதால் நாளடைவில் கறுக்கும் என்றும், பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும் என்றும் எழுதினாள்.

ஒவ்வொரு சேலைக்கும் எடை, கோர்வையா இல்லையா, எத்தனை நாள் தறியில் இருந்தது, என்ன ஜரிகை என்று விவரம் கொடுத்தாள். காஞ்சிபுரம், காஞ்சீபுரம், காஞ்சிவரம் என்று மக்கள் பல விதமாகத் தேடுவதால், வாக்கியத்தில் இயல்பாக வரும் இடங்களில் அந்தப் பெயர்களையும் சேர்த்தாள். ஒரே சொல்லை முப்பது முறை திணிக்கவில்லை. அதுவும் கூகுளிடம் கெட்ட பெயர் வாங்கித் தரும் வேலை.

பிறகு, ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்ற இலவசப் பதிவைச் செய்தாள். தறி இருக்கும் இடம் வரைபடத்தில் வந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் கைபேசியில் பார்த்து வீட்டுக்கே வரத் தொடங்கினார்கள். “ரெண்டு வார்த்தை நல்லதா எழுதினா விலையில கொஞ்சம் குறைச்சிக்கலாம்னு சொல்லட்டுமா?” என்று கேட்டார் அப்பா. “அப்படிச் செய்யக் கூடாதுப்பா. விதியிலயே இல்லை. வாங்கினவங்களா எழுதட்டும்” என்றாள் மகள்.

சாட்சிகள் பக்கத்திலேயே இருந்தார்கள்

லிங்க் எங்கிருந்து வரும்? மகள் போட்ட பட்டியல் வேறு மாதிரி இருந்தது. ‘நம்மை ஏற்கெனவே தெரிந்தவர்களில் யாருக்கு இணையப் பக்கம் இருக்கிறது?’

முன்பு ஒரு கல்லூரியிலிருந்து ஆடை வடிவமைப்பு மாணவர்கள் வந்து, மூன்று நாள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். அந்தச் செயல்திட்ட அறிக்கை கல்லூரித் தளத்தில் இருந்தது. அதில் ‘பிள்ளையார்பாளையம் நெசவாளர் ஒருவர்’ என்று மட்டும் இருந்தது. மகள் ஆசிரியருக்கு எழுதினாள். கோர்வை பக்கத்துக்கு லிங்க் சேர்த்தார்கள், மாணவர்களுக்கும் அது பயன்படும் என்று. கடல் கடந்து வாழும் ஒரு குடும்பம் கல்யாணச் சேலை வாங்கியிருந்தது. அவர்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் மலரில் அதைப் பற்றி எழுதியபோது தளத்தையும் குறிப்பிட்டார்கள்.

மூன்றாவது சாட்சிதான் விவசாயிகளுக்கு முக்கியம். கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சேலை வாங்க வந்தார். பேச்சுவாக்கில், தான் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பதாகவும், தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோவதாகவும் சொன்னார். நெசவாளர் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்து நான்கு வருடமாகப் பட்டு நெய்கிறவர், புழு வளர்க்கும் விவசாயி ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தார். கூடு அங்காடிக்குப் போகும், அங்கிருந்து நூற்பவரிடம், முறுக்குபவரிடம், சாயம் போடுபவரிடம், கடைசியில் தறிக்கு. இடையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அந்த விவசாயி சேர்ந்திருந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு இணையதளம் இருந்தது. ‘கூடு பட்டுச் சேலையாவது எப்படி?’ என்று அவர்கள் ஒரு பக்கம் எழுதி, தறி பற்றிய இடத்தில் இங்கே லிங்க் கொடுத்தார்கள். மகள் தன் தளத்தில் பட்டுப்புழு வளர்ப்பு பற்றி எழுதி, அங்கே லிங்க் கொடுத்தாள். வாசிப்பவருக்கு இரண்டும் தேவையானவை. அதனால் அது உண்மையான இணைப்பு. ‘நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்’ என்று சம்பந்தமில்லாத ஐம்பது தளங்கள் கைகோத்தால், அது விலைக்கு வாங்கியதற்குச் சமம். கூகுளும் அதை ஏற்பதில்லை.

ஒரு வருடத்தில் இப்படி வந்தது மொத்தம் ஏழு லிங்க். ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று தேடினால் இன்றும் அவர்கள் தளம் முதல் பக்கத்தில் இல்லை. ஆனால், ‘கோர்வை சேலை கண்டுபிடிப்பது எப்படி’ என்று தேடினால் வருகிறது. எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்பதைக் காட்டும் ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்ற இலவச வசதியில் மகள் வாரம் ஒருமுறை பார்க்கிறாள். அப்படி வருகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால், வருகிறவர் பாதி முடிவோடு வருகிறார்.

முதல் ஆறு மாதத்தில் விற்றது மூன்று சேலை. நாலைந்து என்ற கெடுவை அது தொடவில்லை. “தை வரைக்கும் பார்க்கலாம்” என்று நெசவாளர் தவணையை நீட்டினார். தை முகூர்த்தத்துக்குள் இன்னும் எட்டு போனது. இப்போதும் வீட்டுச் செலவின் பெரும்பகுதி சங்கக் கூலியில்தான் ஓடுகிறது. தறி கழற்றப்படவில்லை. கரை நாடா தள்ள மகள்தான் பக்கத்தில் உட்காருகிறாள்.

விவசாயிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும், ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெயர் விலை போகத் தொடங்கினால், அந்தப் பெயரைச் சொல்லி விற்க வெளியாட்களும் வருவார்கள். அங்கே விளைவிப்பவர் தன் பெயரைத் தானே நிலைநாட்டிக்கொள்ள வேண்டும்.

‘இயற்கை அரிசி, சுத்தமான அரிசி’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்ன ரகம், எந்த ஊர் வயல், எந்த மாதம் அறுவடை, புழுங்கலா பச்சையா, எத்தனை நாள் பழையது, எவ்வளவு தண்ணீர் வைத்துச் சமைக்க வேண்டும் என்று எழுதுபவர்கள் குறைவு. வாடிக்கையாளர் போனில் கேட்கும் கேள்விகளே எழுத வேண்டிய தலைப்புகள்.

சாட்சிகளும் பக்கத்திலேயே இருப்பார்கள். பயிற்சி எடுத்த வேளாண் அறிவியல் நிலையம், உறுப்பினராக உள்ள உற்பத்தியாளர் நிறுவனம், கலந்துகொண்ட விதைத் திருவிழாவை நடத்தியவர்கள், வயலுக்கு வந்துபோன கல்லூரி, அரிசி வாங்கும் உணவகம், பேட்டி எடுத்த பத்திரிகை. இவர்களில் யார் தளத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்று பார்த்து, லிங்க் சேர்க்க முடியுமா என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். செலவு இல்லை. பத்துப் பேரிடம் கேட்டால் மூன்று பேர் செய்வார்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். தென்னை வைத்தவர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல.

ஆக, பணம் கட்டலாமா என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம். அதையும் மீறி ஆசை வந்தால், லிங்க் விற்பவரிடம் இருபது தளங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவராவது நம் பொருளை வாங்குவாரா, நம்மை நாலு பேரிடம் சொல்வாரா என்று யோசித்தால், பட்டியலை மூடி வைப்பது சுலபமாகிவிடும்.